காரணம் என்றொரு கட்டம்

யுத்தம் நடந்த வன்னியில் ஒருவர் கெந்திக் கெந்தி நடந்து வந்தால், "செல்லோ, மிதிவெடியோ?" என்றுதான் முதலில் கேட்போம். வீடு வீடாகப் போய் இயன்மருத்துவம் பார்க்கும் எனக்கும் அந்தக் கேள்வி வாயில் ஊறிப்போயிருந்தது, ஒட்டுசுட்டானுக்கு உள்ளே ஒரு கிரவல் ரோட்டுக் கரையில் இருந்த அந்த வீட்டுக்குப் போகும்வரை.

பிள்ளைக்கு ஆறு வயது. அதற்குள் ஒன்பது முறிவு. கடைசியாகத் தொடை எலும்பு முறிந்தது பாயில் இருந்து எழும்பும்போது. முதல் நாளே தாயைத் தனியாகக் கூப்பிட்டு, "பிள்ளையை ஆரும் அடிக்கிறவையோ?" என்று கேட்டேன். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் கேட்ட தொனி சரியில்லை. அவர் அழவில்லை. "நீங்கள் நாலாவது ஆள், மிஸ்" என்றார்.

அப்புறம்தான் வாசல் வெளிச்சத்தில் பிள்ளையின் கண்ணைக் கவனித்தேன். வெள்ளை விழி, நீலம் கொஞ்சம் கூடிப்போன பள்ளிக்கூடச் சட்டை மாதிரி இருந்தது. யாழ்ப்பாணத்துக் கிளினிக்கில் பெயர் சொன்னார்கள்: ஒஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்பெக்டா. எலும்பு இலகுவில் முறியும், 15,000 முதல் 20,000 பிறப்புகளில் ஒன்றுக்கு வரும் பரம்பரை நோய். கண்ணின் அந்த நீலமும் அதன் அடையாளம்தான்.

அயலவர்களுக்கு அது கால்சியம் குறைவு. முட்டை கொடு, நெத்தலி கொடு, முறிவு வைத்தியரிடம் எண்ணெய் வாங்கிப் பூசு. நான் அவர்களுடைய பழைய மண்வீட்டையே காட்டிச் சொன்னேன். எலும்பும் இந்தச் சுவர் மாதிரித்தான். கால்சியம் என்பது களிமண். உள்ளே பிடித்து நிற்கும் வரிச்சுத்தடிதான் கொலாஜன் என்ற புரதம். இந்தப் பிள்ளைக்குத் தடியில்தான் பிழை, மேலே எவ்வளவு மண் அப்பினாலும் நிற்காது. மாமியாருக்கு அது சட்டென்று விளங்கியது. விளங்கியதும், "எங்கட பக்கத்தில இப்பிடி ஒருத்தருக்கும் இல்லை" என்றார். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

தூக்குவது எப்படி என்று தாய்க்குப் பழக்கத்தான் நான் போனேன். கடைசியில் பழகியது நான். கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கக்கூடாது, காலைப் பிடித்து இழுக்கக்கூடாது. விரல்களை அகல விரித்து ஒரு கையைப் பின்புறத்துக்குக் கீழும் மற்றதைத் தோளுக்குக் கீழும் கொடுத்து, பலகையைத் தூக்குவதுபோலத் தூக்க வேண்டும். "இந்தக் கையைப் பிடியாதேங்கோ மிஸ், அதுக்கு இன்னும் சுகமில்லை" என்று பிள்ளை எனக்குப் புத்தி சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் காசு வாங்குவதில்லை. காசு போவது வழியில். குழிக்குள் விழாமல் ஓட்டக்கூடிய ஓட்டோக்காரர் ஒருவரைப் பிடித்து மாங்குளம் வரை, பிறகு ஏ9 வீதியில் பஸ். எலும்பு கரைவதைக் குறைக்கும் மருந்தைச் சேலைனில் ஏற்றுவார்கள். சில மாதத்துக்கு ஒருக்கால் இரண்டு மூன்று நாள் வார்டில் நிற்க வேண்டும். அத்தனை நாளும் தகப்பனுக்குக் கூலி இல்லை. அருவி வெட்டுக் காலத்தில் முறிந்தால் அந்த வருடமே போச்சு. இரண்டு ஆடும் தாயின் தோடும் அப்படித்தான் போயின. இந்த மருந்தாலும் நோய் மாறாது, முறிவு குறையும், நோவு குறையும். பள்ளிக்கூடத்திலோ, "விழுந்தால் ஆர் பொறுப்பு?" என்று கையை விரித்துவிட்டார்கள். மூளையில் ஒரு குறையும் இல்லாத பிள்ளை, திண்ணையில் இருந்து தமையனின் புத்தகத்தை வாசிக்கிறாள்.

போன மாதம் உதவிப் படிவம் நிரப்பினோம். "காரணம்" என்ற கட்டத்தில் யுத்தம், விபத்து, பிறவி என்று மூன்று. பிறவிக்கு நேரே புள்ளடி போட்டேன். தாய் வலக் காதைத் திருப்பிக்கொண்டு, "என்ன போட்டனீங்கள்?" என்று கேட்டார். இடக் காது செல் வெடித்த சத்தத்தில் அடைத்தது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். 2009இல், அவருக்குப் பதினாலு வயதில், முள்ளிவாய்க்கால் பக்கம் ஒரு வாளி தண்ணீரைத் தூக்கும்போது மணிக்கட்டு முறிந்ததாம். ஆயிரம் பேர் காயப்பட்டுக் கிடந்த இடத்தில், வாளி தூக்கியதற்கு ஏன் கை முறிந்தது என்று யார் கேட்பது?

குனிந்து அவர் கண்ணைப் பார்த்தேன். மகளுடையதைவிட மங்கலான நீலம். இத்தனை மாதம் எதிரே இருந்து பேசியும் எனக்குப் படவில்லை. இந்த நோய் பெற்றாரில் ஒருவரிடமிருந்து பாதிக்குப் பாதி வாய்ப்பில் பிள்ளைக்கு வரலாம். வளர்ந்தபின் காதையும் மந்தமாக்கலாம்.

மெல்லச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப எனக்கு எதில புள்ளடி போடுவியள், மிஸ்?" என்றார்.

பையிலிருந்து கிளினிக் துண்டு ஒன்றை எடுத்து அவருடைய பெயரை எழுதினேன்.