15 நொடி

பேஸ்பால் ஆட்டம். வேர்க்கடலை வாங்கிக்கொண்டு இருக்கைக்குத் திரும்பினால் அரை இன்னிங்ஸ் முடிந்திருந்தது. பக்கத்துப் பெரியவரின் ஸ்கோர் அட்டையில் பென்சிலால் மூன்று 'கே' (K), அதாவது மூன்று ஸ்ட்ரைக்அவுட்: மூன்று ஸ்ட்ரைக்கில் மட்டையாளர் அவுட். அதில் ஒன்று திருப்பிப் போட்டது: மட்டையை அசைக்காமல் நின்றே அவுட்.

2023-இல் அமெரிக்க மேஜர் லீக்கில் பிட்ச் கிளாக் வந்தது: வீசுபவர் பந்தை எறிய வேண்டிய நேரத்தை எண்ணும் கடிகாரம். பேஸில் ஆளில்லை என்றால் 15 நொடிதான். மூன்று மணி நேரம் தாண்டிய ஆட்டம் சராசரியாக 2 மணி 40 நிமிடத்துக்கு இறங்கிவிட்டது. மட்டையாளர்கள் கையுறையை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டும் சடங்கெல்லாம் போச்சு.

சரி, நல்லதுதான். வீசுபவரை மாற்றத் துடிக்கும் மேனேஜர்களின் அவசரத்தை யார் அடக்குவது?

2020 உலகத் தொடர் (மேஜர் லீக்கின் இறுதித் தொடர்), 6-ஆவது ஆட்டம். டாம்பா பே அணியின் பிளேக் ஸ்னெல் வீசியது 73 பந்துகள், 9 ஸ்ட்ரைக்அவுட். அணியின் மேனேஜர் கெவின் கேஷ் நடந்து வந்து பந்தை வாங்கிக்கொண்டு அவரை வெளியே அனுப்பினார். அதே இன்னிங்ஸில் டாம்பா பேயின் முன்னிலை போயிற்று.

பெரியவரிடம் சொன்னேன். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"அதை மட்டும் ஞாபகப்படுத்தாதே."