நீசேயாவின் ஏரிக்கரையில்

துருக்கிக்குத் திருப்பயணம் செல்லும் நம்மவர் குழுக்கள் பெரும்பாலும் எபேசையும், அன்னை மரியாவின் இல்லத்தையும், திருவெளிப்பாடு நூல் கூறும் ஏழு சபைகளின் ஊர்களையும் கண்டு திரும்பிவிடுகின்றன. இயேசு உண்மையாகவே கடவுள் என்று திருச்சபை ஒரே குரலில் அறிக்கையிட்ட நீசேயா, அதாவது இன்றைய இஸ்னிக், பயணத் திட்டத்தில் இடம்பெறுவது அரிது. எங்கள் குழுவில் சிலர் விடாமல் கேட்டதால்தான் இஸ்தான்புல்லிலிருந்து அங்கே சென்றுவர ஒரு நாள் ஒதுக்கப்பட்டது.

ஒலிவத் தோப்புகள் சூழ்ந்த ஏரியின் கிழக்குக் கரையில், பழைய மதிலுக்குள் அடங்கிய சிற்றூர் அது. 325-ஆம் ஆண்டு பேரரசர் கான்ஸ்டன்டைனின் அழைப்பை ஏற்று ஆயர்கள் பொதுச்சங்கமாகக் கூடிய அரண்மனை இன்று இல்லை. நாம் காணக் கிடைப்பது, 2014-இல் வானிலிருந்து எடுத்த படங்களால் வெளிச்சத்துக்கு வந்த ஒரு பேராலயத்தின் அடித்தளம். நெடுங்காலம் நீருக்குள் கிடந்த அதை, அண்மை ஆண்டுகளில் ஏரி வற்றி வற்றி வெளியே விட்டிருக்கிறது. இளம் மறைசாட்சி நியோபித்துஸின் பெயரால் எழுந்த ஆலயம் அது என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். பாசி காய்ந்த கற்கள் வரிவரியாக ஓடி, கிழக்கு முனையில் பீடம் இருந்த இடத்தில் அரைவட்டமாக வளைகின்றன. 2025 நவம்பர் 28 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோவும் கான்ஸ்டான்டிநோபிளின் முதுபெரும் தந்தை பர்த்தலமேயுவும் சங்கத்தின் 1700-ஆம் ஆண்டை முன்னிட்டு இங்கேதான் இணைந்து மன்றாடினார்கள்.

கரையில் நின்றபடி, எங்களோடு வந்த அருள்பணியாளர் அன்று சங்கத்தில் எழுந்த வாதத்தை விளக்கினார். அலெக்சாந்திரியாவின் குரு ஆரியுஸ் இயேசுவை இகழ்ந்தவர் அல்லர். படைப்புகள் எல்லாவற்றுக்கும் மேலான முதற்படைப்பு என்று உயர்த்தியே பேசினார். ஆனால், மகன் இல்லாதிருந்த நிலை ஒன்று இருந்தது என்றார். “தந்தை என்னைவிடப் பெரியவர்” என்ற யோவான் நற்செய்தி வசனத்தை அவர் தரப்பு காட்ட, “நானும் தந்தையும் ஒன்றாய் இருக்கிறோம்” என்ற அதே நற்செய்தியின் வசனத்தை எதிர்த்தரப்பு காட்டியது. ஆயர் அலெக்சாந்தரோடு திருத்தொண்டராக வந்திருந்த அத்தனாசியுஸ் பின்னாளில் தம் நூல்களில் திரும்பத் திரும்ப வலியுறுத்தியது இதுதான்: எவ்வளவு உயர்ந்த படைப்பாயினும் அது படைப்பே, படைப்பு ஒன்று இன்னொரு படைப்பைக் கடவுளோடு சேர்த்துவிட முடியாது, மீட்பவர் கடவுளாக இருந்தால்தான் மீட்பு மீட்பாகும். இந்தச் சங்கத்தில் வேர்கொண்ட, சிறுவயது முதல் மனப்பாடமாகச் சொல்லிவந்த நம்பிக்கை அறிக்கைக்குப் பின்னால் இவ்வளவு கூர்மையான காரணம் இருப்பதை எங்களில் பலர் அன்றுதான் உணர்ந்தோம்.

பேரரசரின் விருப்பத்துக்குத் தலையாட்டி ஆயர்கள் இயேசுவைக் கடவுளாக்கிவிட்டார்கள் என்று சிலர் எளிதாகச் சொல்வதுண்டு. எனக்கு அது பொருத்தமாகப் படவில்லை. கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய முந்திய வேத கலாபனையில் கண் பிடுங்கப்பட்டவர்களும் கைகள் தீயில் கருகியவர்களும் அந்த அவையில் இருந்தார்கள் என்று பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அத்தகையோர் விருந்துக்கும் அரச மரியாதைக்கும் இணங்கி வணக்கத்துக்குரியவரை மாற்றிக்கொள்வார்களா? அவர்கள் துன்பத்திலும் தொழுதுவந்தவர் யார் என்பதைத்தான் சங்கம் எழுத்தில் வைத்தது.

விளக்கம் முடிந்ததும் நாங்கள் அறிக்கையைச் சொன்னோம். “கடவுளினின்று கடவுளாக, ஒளியினின்று ஒளியாக” என்ற இடத்தில், வழக்கமாக முந்திக்கொண்டு ஓடும் குரல்கள் நிதானப்பட்டன. “உண்டாக்கப்பட்டவர் அல்லர்” என்று சொன்னபோது ஒரு மூதாட்டி கைகுவித்தார்.

அங்கிருந்து ஊர் நடுவிலுள்ள அயாசோஃபியாவுக்குச் சென்றோம். 787-இல் கூடிய இரண்டாம் நீசேயா சங்கத்தோடு தொடர்புடைய ஆலயம், இப்போது மசூதி. குருக்கள் அமர்ந்த அரைவட்டக் கற்படிகள் இன்னும் இருக்கின்றன. சுவர்மாடம் ஒன்றில் கிறிஸ்துவும், அன்னை மரியாவும், திருமுழுக்கு யோவானும் மங்கிய வண்ணத்தில் நிற்கிறார்கள். காணவியலாத கடவுளை வரையலாகாது என்றவர்களுக்கு, உடலெடுத்து நம்மிடையே வந்தவரை வரையலாம் என்று அந்தச் சங்கம் விடையளித்தது. முதற்சங்கத்தின் அறிக்கையிலிருந்து நேராகப் பிறந்த விடை அது. செல்ல விரும்புவோர் தொழுகை நேரத்தை முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது. வெளியே காத்திருந்ததில் எங்கள் நேரம் பெரும்பகுதி கழிந்து, அந்த ஓவியத்தின் முன் சில நிமிடங்களே வாய்த்தன.