பலகார டின்னும் எக்ஸ்எல் வண்டியும்

ரெண்டு மாசம் முன்னாடி கோட்டையூர் தாண்டி என் பழைய ஸ்கூட்டர் நடு ரோட்டுல நின்னுபோச்சு. கால்கிட்ட ரெண்டு டின் முறுக்கு, பின்னாடி சீட்டுல கட்டுன பையில சீப்பு சீடை, வெயிலு வேற. தள்ளிக்கிட்டே போயி ஒரு மெக்கானிக் கிட்ட விட்டா, "அக்கா இதுக்கு செலவழிக்கிற காசுல பாதி வண்டி வாங்கிரலாம்"னுட்டாரு. சரி, புதுசு எடுத்துருவோம்.

நமக்கு என்ன தேவைன்னு சொல்லிடறேன், அப்பதான் நான் ஏன் டிவிஎஸ் எக்ஸ்எல் 100 மொபெட்ட எடுத்தேன்னு புரியும். பள்ளத்தூர்ல வீடு, காரைக்குடியில ஒரு ஜவுளிக்கடையில கணக்கு எழுதற வேலை. அத்தை வீட்டுல பலகாரம் போடறாங்க, தேன்குழல், முறுக்கு, சீடை, ஆர்டர் இருந்தா மனகோலம். அத போற வழியில செக்காலை ரோட்டுல ரெண்டு கடைக்கு இறக்கிட்டுத்தான் வேலைக்கு போவேன். போக வர, அங்கிட்டு இங்கிட்டு சுத்துறது எல்லாம் சேத்து ஒரு நாளைக்கு 26 கிலோமீட்டர் ஓடும்.

கொழுந்தனார் மொத நாளே சொல்லிட்டாரு, "மதினி, எக்ஸ்எல்லெல்லாம் பால்காரரும் மீன்காரரும் ஓட்டுறது, நல்ல ஸ்கூட்டரா எடுங்க"ன்னு. எனக்கும் மனசு ஸ்கூட்டர் பக்கம்தான் இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. ஆனா எங்கப்பா வச்சிருந்தது டிவிஎஸ் 50. அது 1980ல வந்த வண்டி, பெட்ரோல்ல ஆயில் கலந்து ஊத்தணும், பெடல் மிதிச்சு ஸ்டார்ட் பண்ணணும், அப்பா மிதிக்கிறப்ப நான் பின்னாடி கேரியர புடிச்சு தள்ளுவேன். மோட்டாரும் பெடலும் சேந்துதான் மொபெட்னு பேரு, இப்ப வர்ற எக்ஸ்எல் 100ல பெடலே கெடையாது, பேரு மட்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு. ஆயில் கலக்குற வேலையும் இல்ல, இது ஃபோர் ஸ்ட்ரோக், 99.7 சிசி. 2020ல பிஎஸ்6ங்கற புகை கட்டுப்பாட்டு விதி வந்தப்ப, எஞ்சினுக்கு பெட்ரோல் குடுக்குற கார்ப்பரேட்டர எடுத்துட்டு ஃபியூயல் இன்ஜெக்ஷன் போட்டுட்டாங்க.

கரண்ட் வண்டியும் யோசிச்சேன். பேட்டரி ஆராய்ச்சி பண்ற சிக்ரி இருக்குறதே நம்ம காரைக்குடியில, 1953ல இருந்து நடக்குது, அழகப்ப செட்டியார் எடமும் பணமும் குடுத்து வந்தது. அந்த ஊருக்கு தெனம் வேலைக்கு போயிட்டு பெட்ரோல் வண்டி எடுக்குறது எனக்கே சிரிப்பாத்தான் இருக்கு. ஆனா நாங்க குடியிருக்கறது ஒரு பழைய செட்டியார் வீட்டு பின்கட்டுல, வீட்ட பாத்துக்கறதுக்காக விட்டுருக்காங்க. மீட்டர் அவங்க பேருல, பங்காளிக பதினோரு பேரு, ஆளுக்கொரு ஊருல இருக்காங்க. பில்லு கூடுனா யாருக்கு யாரு பதில் சொல்றது. அதோட முடிஞ்சது.

ஸ்கூட்டரா எக்ஸ்எல்லான்னு முடிவு பண்ணது ஷோரூம்ல இல்லீங்க, எங்க வீட்டு வாசல்லதான். இந்தப் பக்கத்து வீடெல்லாம் தெருவ விட எம்புட்டு ஒசரத்துல இருக்கும்னு தெரியும்ல, பின்வாசல்ல கூட நாலு படி. அதுமேல பலகைய போட்டு வண்டிய ஏத்தணும், ராத்திரி தெருவுல விட முடியாது. பழைய ஸ்கூட்டர் 100 கிலோவ தாண்டும், தெனமும் யாரையாவது கூப்புடணும், வீட்டுக்காரரு சிங்கப்பூர்ல இருக்காரு, பக்கத்து வீட்டு தம்பிய எத்தன நாளு கூப்புடறது. எக்ஸ்எல் 90 கிலோவுக்கும் கீழ. ஓட்டி பாக்க குடுத்த வண்டிய கேட்டு வாங்கி வீட்டுக்கே கொண்டு வந்து பலகையில ஏத்தி பாத்தேன், வந்த பையன் ஒரு மாதிரி பாத்தான், பாத்தா பாத்துட்டு போறான். ஒரே மூச்சுல ஏறிருச்சு.

அடுத்தது டின்னு. ஸ்கூட்டர்ல கால் வைக்கிற எடத்துல டின்ன வச்சா நம்ம காலு ரெண்டும் வெளிய தொங்கும், திருப்பத்துல உசுரு போய் உசுரு வரும். எக்ஸ்எல்ல பின் சீட்ட தனியா கழட்டிரலாம், கழட்டுனா அந்த எடம் பூரா லோடுக்குத்தான், முன்னாடி ஒரு டின்னு பின்னாடி ரெண்டு டின்னு, கயிறு ஒண்ணு போதும். கம்பெனி சொல்ற லோடு ஆளையும் சேத்து 130 கிலோதான், நம்ம ஊருல அதுல நெல்லு மூட்டையும் சிலிண்டரும் ஏத்திட்டு போறத பாத்தா அந்த கணக்க யாரும் படிச்சதா தெரியல.

மைலேஜுக்காகத்தான் எடுத்தியான்னு எல்லாரும் கேக்குறாங்க. எனக்கு 55 கெடைக்குது, பழைய ஸ்கூட்டர் 42 குடுத்துச்சு. மாசம் 650 கிலோமீட்டருக்கு கணக்கு போட்டா மூணரை லிட்டரு சொச்சம்தான் மிச்சம், அதாவது முன்னூத்தம்பது ரூவா சொச்சம். அதுக்காகன்னா வேண்டியதில்ல. வெல கொறச்சல்ங்கறது வேற விசயம், ஆனா ஆன்ரோடு வெல கேட்டப்ப ஒரு ஷோரூம்ல கேக்காத மேட்டு, கவரு, கம்பின்னு தலையில கட்ட பாத்தாங்க, ஒவ்வொண்ணா அடிச்சு எழுத சொல்லி வாங்கினேன். கணக்கெழுதறவகிட்டயா. தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ்ல மட்டும், அதாவது நம்ம வண்டியால அடுத்தவங்களுக்கு ஆகுற சேதத்துக்கான இன்சூரன்ஸ்ல, பேரம் பேச முடியாது, 2018ல இருந்து புது டூவீலருக்கு அது அஞ்சு வருசத்துக்கு கட்டாயம்.

கொறையும் இருக்கு. 50க்கு மேல போனா கை அதிரும், லோடோட பாலம் ஏறுறப்ப மூச்சு வாங்கும், கியரு கெடையாதுல்ல, பின்னாடி லாரிக்காரன் ஆரன் அடிச்சே கொல்லுவான், நான் ஓரமாவே போயிருவேன். பிரேக்கு முன்னும் பின்னும் டிரம்முதான், மழையில கொஞ்சம் முன்னாடியே புடிக்கணும். வீலு 16 இஞ்சு, அதனால பள்ளம் மேட்டுல ஸ்கூட்டர் மாதிரி தூக்கி போடாது, அது நெசம். ஆனா நான் எடுத்தது ஸ்போக் வீலு, ட்யூப் டயரு. நம்ம ஊரு கருவேல முள்ளுக்கு ட்யூபு என்ன ஆகும்னு சொல்லணுமா, ரெண்டு மாசத்துல மூணு பஞ்சரு. ட்யூப்லெஸ்னா முள்ளோட கடை வரைக்கும் ஓட்டிட்டு போயிரலாம், இதுல அப்பவே உக்காந்துரும். இந்த ஒரு விசயத்துலதான் ஸ்கூட்டர நெனச்சு பெருமூச்சு விடறேன்.

நாத்தனார் மகன் பதினாறு முடிஞ்சவன், "மொபெட்டுக்கு லைசென்சு வயசு பதினாறுதான அத்தை"ன்னு சாவிய கேக்குறான். அது 50 சிசி வரைக்கும்தான்டா, இது 100, பதினெட்டு ஆகட்டும்னு சொல்லிட்டேன், மூஞ்ச தூக்கி வச்சிருக்கான்.

அத்தைக்கு மொத வாரம் பூரா கோவம். "ஏத்தா, பால்கார வண்டியில போயி எறங்குனா கடைக்காரன் பலகாரத்துக்கு வெல கொறைப்பான்"னாங்க. போன வாரம் பொழுதோட வந்து நிக்கிறாங்க, கார்த்திகைக்கு குன்றக்குடி போகணுமாம், பஸ்ஸுல கூட்டமாம், அந்த பின் சீட்ட எங்க வச்சிருக்க, எடுத்து மாட்டுன்னு.