தக்காளியும் பீன்ஸும் ஜாருக்குள்ள போன கதை

நாங்க இருக்கிறது மிச்சிகன்ல, டெட்ராய்ட் பக்கம். மே கடைசில செடி வைப்போம், ஜூலை முழுக்க பூவையே பாத்துட்டு உக்காந்திருப்போம், ஆகஸ்ட் மூணாவது வாரம் வந்தா ஒரேயடியா பழுத்துக் கொட்டும், ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரங்க கூட போதும் சாமின்னு சொல்ற அளவுக்கு குடுத்துத் தீக்கணும். அக்டோபர்ல ஒரு நாள் ராத்திரி உறைபனி விழுந்து செடி கருகிடும். அப்புறம் குளிர் முழுக்க கடையில விக்கிற ரப்பர் தக்காளிதான். வத்தல் போடலாமேன்னு போன வருஷம் செப்டம்பர் வெயிலை நம்பி கொத்தவரங்காயை காயப் போட்டேன், மூணாவது நாளே பூஞ்சை. அதனால இந்த வருஷம் கேனிங், அதாவது கண்ணாடி ஜார்ல அடைச்சு, ஜாரோட சூடு பண்ணி சீல் பண்ணி வைக்கிறது.

எல்லாத்துக்கும் முன்னாடி ஒண்ணு மண்டையில ஏத்திக்க வேண்டியிருந்துச்சு. காய் ரெண்டு ஜாதி. புளிப்பு இருக்கிறது, இல்லாதது. புளிப்பை அளக்கிற எண் பிஹெச், அது குறைய குறைய புளிப்பு ஜாஸ்தி. அது 4.6க்கு கீழ இருந்தா கொதிக்கிற தண்ணில ஜாரை முக்கி வச்சு எடுத்தாலே போதும். பீன்ஸ், வெண்டைக்காய், கேரட், பீட்ரூட் இதெல்லாம் அதுக்கு மேல. அதுல போட்டுலிசம்ங்கிற உயிரையே எடுக்கக் கூடிய விஷநோயை வரவழைக்கிற கிருமியோட வித்து 100 டிகிரில மணிக்கணக்கா கொதிச்சாலும் தாக்குப் பிடிக்கும், அப்புறம் காத்து போகாத ஜாருக்குள்ள சாவகாசமா முளைச்சு விஷத்தை விடும், வாசனை மாறாம, பாத்தாலும் தெரியாம இருக்கலாம். அதுக்கு பிரஷர் வேணும், 116 டிகிரி வரைக்கும் போகணும்.

நம்ம வீட்டு குக்கர் பத்தாதான்னுதான் எனக்கும் மொதல்ல தோணுச்சு. பத்தாது. அமெரிக்க விவசாயத்துறை கேனிங் வழிகாட்டில குவார்ட் ஜார் (கிட்டத்தட்ட ஒரு லிட்டர்) குறைஞ்சது நாலாவது நிக்கிற அளவு பாத்திரம் வேணும்னு இருக்கு. சின்ன குக்கர் சீக்கிரம் சூடாகி சீக்கிரம் ஆறிடும், பெரிய பாத்திரம் மெதுவா சூடாகறப்பவும் ஆறுறப்பவும் கிருமி சாகறதையும் கணக்குல வச்சுத்தான் அவங்க நேரம் போட்டிருக்காங்க. கேனிங்குக்குன்னே இருக்கிற பெரிய பிரஷர் பாத்திரம், கேனர்னு பேரு, ஒண்ணு வாங்கினேன், வெயிட் ஆடுற மாதிரி மாடல். விலையை வீட்ல இன்னும் முழுசா சொல்லல.

முதல் ரவுண்டு தக்காளி. 10 கிலோ, ரோமாங்கிற ரகம். 7 குவார்ட் வரும்னு கணக்கு, எனக்கு ஆறும் ஒரு கிண்ணமும் வந்துச்சு. கொதிக்கிற தண்ணில ஒரு நிமிஷம் போட்டு பச்சைத் தண்ணிக்கு மாத்தினா தோல் சட்டை கழட்டற மாதிரி வந்துடுது, இந்த வேலை மட்டும் குழந்தைங்களுக்கு ரொம்ப புடிச்சுது. எல்லாத்தையும் நறுக்கிக் குவிச்சு வச்சிடக் கூடாது, கொஞ்சமா நறுக்கி உடனே அடுப்புல போட்டு மசிச்சுகிட்டே மீதியை சேக்கணும், இல்லேன்னா ஜார்ல தண்ணி தனியா சக்கை தனியா பிரிஞ்சு நிக்கும். ஒவ்வொரு குவார்ட்டுக்கும் பாட்டில் எலுமிச்சை ஜூஸ் 2 டேபிள்ஸ்பூன். தக்காளியே புளிப்புதானேன்னு விட்டுடக் கூடாது, சில ரகம் அந்த 4.6 கிட்டயே நிக்குமாம். எலுமிச்சைப் பழத்தைப் பிழிஞ்சு ஊத்தவும் வேண்டாம், ஒரு பழம் புளிக்கும் இன்னொண்ணு புளிக்காது, பாட்டில்னா ஒரே அளவு. மேல அரை இஞ்ச் இடம் விட்டு, விளிம்பைத் துடைச்சு, மூடி வச்சு, மூடியைப் பிடிக்கிற திருகு வளையத்தை (பேண்ட்) விரல் நுனியால மட்டும் திருகி, கொதிக்கிற தண்ணில 45 நிமிஷம்.

ஒரு ஜாரோட அடி அப்படியே கழண்டு போச்சு. ஷெல்ஃப்ல இருந்த சில்லுன்னு இருந்த ஜார்ல சூடா ஊத்தி கொதிக்கிற தண்ணிக்குள்ள இறக்கினேன், வேற என்ன ஆகும். மீதி அஞ்சு. ஜார் மேல வெள்ளையா சுண்ணாம்பு படிஞ்சிருந்துச்சு, அடுத்த தடவை தண்ணில கொஞ்சம் வினிகர் விட்டேன், சரியாச்சு.

ஆனா துண்டு விரிச்சு ஆற வச்சதும் ஒவ்வொண்ணா 'டிங்', 'டிங்'னு மூடி உள்ள இழுத்துக்கற சத்தம் வரும் பாருங்க, அதுக்காகவே அடுத்த தடவை பண்ணலாம். நாலு கேட்டுச்சு. அஞ்சாவது மறுநாள் காலைலயும் அமுக்கினா மேலயும் கீழயும் போச்சு, அது ஃபிரிட்ஜுக்குப் போயி ராத்திரியே ரசமாச்சு. பக்கத்து வீட்டு பாட்டி ஜாரை கவுத்து வச்சா சீல் ஆகிடும், நாங்க அப்படித்தான் பண்ணுவோம்னாங்க. இப்போ வழிகாட்டிகள்ல அது வேண்டாம்னு சொல்றாங்க, பாட்டிகிட்ட நான் சொல்லல.

ரெண்டாவது ரவுண்டு பீன்ஸ், 9 பைண்ட் (பைண்ட்னா குவார்ட்ல பாதி). பத்து நிமிஷம் ஆவியை சும்மா வெளிய விட்டு காத்தை விரட்டணும், அப்புறம்தான் 10 பவுண்ட் பிரஷருக்கான வெயிட்டை மேல வைக்கணும். போன்ல அம்மா, "எத்தன விசில்டா?"ன்னாங்க. விசிலே இல்லம்மா, வெயிட் ஆடிகிட்டே இருக்கணும் 20 நிமிஷம்னேன். "இருவது நிமிஷமா, பீன்ஸுக்கா?"ன்னு சிரிச்சாங்க. 14வது நிமிஷத்துல நான் அடுப்பை கொஞ்சம் அதிகமா குறைச்சுட்டேன், வெயிட் ஆட்டம் நின்னு போச்சு. பிரஷர் இறங்கினா ஏத்தி மறுபடி ஒண்ணுல இருந்து எண்ணணும். ஆக மொத்தம் 34 நிமிஷம். அப்புறம் அவசரப்பட்டு, பிரஷர் தானா இறங்கறதுக்கு முன்னாடி வெயிட்டை எடுத்துட்டேன், ரெண்டு ஜார்ல தண்ணி பாதி வெளிய வந்துடுச்சு, பீன்ஸ் மொட்டையா நிக்குது. சீல் ஆகியிருக்கு, இருந்தாலும் அந்த ரெண்டையும் முதல்ல தீத்துடணும். ருசி? பச்சையா கறுக்குன்னு கடிக்கிற பொரியலை மறந்துடுங்க. கூட்டுக்கு ஆகும், தேங்காய் அரைச்சு ஊத்தினா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க.

எனக்கு பெரிய ஏமாத்தம் தொக்குதான். நல்லெண்ணெய், பூண்டு எல்லாம் போட்டு அம்மா பக்குவத்துல கிளறி ஜார்ல அடைச்சு வைக்கணும்னு ஆசை, இந்த முழு கூத்துக்கும் ஆரம்பமே அதுதான். பூண்டு புளிப்பைக் குறைக்கும், எண்ணெயும் கெட்டியான விழுதும் இருந்தா நடு வரைக்கும் சூடு எத்தனை நேரத்துல போகும்னு கண்ணால பாத்து சொல்ல முடியாது, சோதிச்ச அளவு எதுவும் என் கைல இல்ல. கண்ணளவு, கைப்பக்குவம்னே சமைச்சுப் பழகினவனுக்கு இது கொஞ்சம் அவமானமாத்தான் இருந்துச்சு. தொக்கு ஃபிரீசர்ல இருக்கு, ஐஸ்கிரீம் டப்பாக்குள்ள. பையன் ஏற்கனவே ஒரு தடவை ஏமாந்துட்டான்.

செப்டம்பர்ல இன்னொரு ரவுண்டு போட்டதும் சேத்து இப்போ அலமாரில தக்காளி 10, பீன்ஸ் 9. பேண்டை எல்லாம் கழட்டிட்டுத்தான் அடுக்கியிருக்கேன், சீல் விட்டா மூடி தூக்கிக்கும், தெரிஞ்சிடும். முதல் ஜாரை பொங்கலுக்குத்தான் திறக்கணும்னு நான் சொல்லி வச்சிருக்கேன். நேத்து எண்ணிப் பாத்தா தக்காளி ஒம்பதுதான் இருக்கு.