பிஸ்கட் டின்னுக்குள் என் ஆசைகள்

இரண்டாங்கட்டு அலமாரியில் ஒரு துருப்பிடித்த பிஸ்கட் டின் இருக்கிறது. ஐயா பர்மாவிலிருந்து கொண்டுவந்ததாம். அப்பத்தா அதில் ஊசி நூல் வைத்திருந்தார்கள், நான் ஆசைகளை வைத்திருக்கிறேன். பஸ் டிக்கெட், பழைய கல்யாணப் பத்திரிகை, எது கைக்குக் கிடைத்தாலும் பின்பக்கம் எழுதி உள்ளே போட்டுவிடுவேன். "போன்ல எழுதி வைக்கலாம்ல ஆத்தா?" என்கிறான் மகன். போன் மாற்றும்போதெல்லாம் பாதி தொலைகிறதே, அது யாருக்குத் தெரியும்!

நேற்று மழை. ஒவ்வொன்றாகப் பிரித்தேன். 'ரங்கூன் போகணும்.' நடக்கிறபோது நடக்கட்டும். 'செவக்காம வெள்ளைப் பணியாரம் சுடணும்.' ஒரு உழக்குப் பச்சரிசி, அதன் தலையில் கோபுரமாக உளுந்து. அளவெல்லாம் சரிதான், எண்ணெய்ச் சூடுதான் பிடிபடவில்லை.

'ஆத்தங்குடிக் கல் ஒண்ணாவது என் கையால.' தரையில் பதிக்கிற பூப்போட்ட வண்ணக் கல்; ஆத்தங்குடியில் கையாலேயே செய்வார்கள். இதற்குப் போன மாதம் அங்கே போனேன். கண்ணாடி மேல் அச்சை வைத்து, அறை அறையாக வண்ணக் குழம்பு ஊற்றி, அச்சைத் தூக்கணும். அங்கேதான் கை நடுங்கியது. பச்சை போய்ச் சிவப்பில் கலந்துவிட்டது. மேலே சிமெண்டு, மணல் போட்டு, ஊறவைத்துக் கண்ணாடியைப் பிரித்தால், பளபளப்பு மட்டும் குறைவில்லை. கல் இப்போது துளசி மாடத்தடியில். சீட்டில் 'மறுபடியும்' என்று எழுதி டின்னிலேயே போட்டுவிட்டேன்.