பாண்டாஸில் என் முதல் புல் ரெக்வெஸ்ட்

அலுவலகத்தில் எக்செல் கோப்புகளோடு மல்லுக்கட்டுவதற்குப் பல காலமாக பாண்டாஸைத்தான் பயன்படுத்துகிறேன். வெஸ் மெக்கின்னி ஒரு முதலீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தபோது 2008-இல் எழுதத் தொடங்கிய, அட்டவணைத் தரவுகளைக் கையாள உதவும் பைத்தான் லைப்ரரி இது. யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறமூல மென்பொருளில் பங்களிக்க வேண்டும் என்று தோன்றியபோது, தெரியாத புராஜெக்ட் எதையும் தேடி அலையவில்லை. தினமும் கை வைக்கிற இதிலேயே தொடங்கினேன். நாம் செய்த மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளும்படி புராஜெக்டுக்கு அனுப்பும் கோரிக்கைதான் புல் ரெக்வெஸ்ட்.

புதியவர்களுக்கு எல்லோரும் சொல்வது, முதல்முறை வருகிறவருக்கு ஏற்றது என்று ஒரு இஷ்யூவில் (செய்ய வேண்டிய வேலை அல்லது பிழை பற்றிய பதிவு) ஒட்டும் 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' லேபிளைப் பாருங்கள் என்பதுதான். பெரிய புராஜெக்டில் அந்த லேபிளை ஒட்டிய கையோடு நாலு பேர் வந்து நிற்பார்கள். பாண்டாஸில் இஷ்யூவின் கீழே 'டேக்' என்று ஒரே ஒரு சொல் போட்டால் போதும், அது தானாக நம் பெயருக்கு வந்துவிடும். அப்படிப் போட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்களும் உண்டு. பல வாரமாக அசைவே இல்லையென்றால், இன்னும் பார்க்கிறீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுத்துக்கொள்ளலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

வேலை சரியாக முடிந்ததா என்று யாரையும் கேட்காமல் எனக்கே தெரிய வேண்டும். அப்படி ஒன்றைத்தான் தேடினேன். டாக்ஸ்ட்ரிங் அதற்குத் தோதாக இருந்தது. ஒரு ஃபங்ஷன் என்ன செய்யும், எதை வாங்கும், எதைத் திருப்பித் தரும் என்று புரோகிராம் கோடுக்குள்ளேயே எழுதி வைக்கும் விளக்கம் அது. இணையத்தில் நாம் படிக்கும், ஃபங்ஷன்களை விவரிக்கும் ஏபிஐ பக்கங்கள் இதிலிருந்துதான் உருவாகின்றன. இதைச் சரிபார்க்க ரெப்போவிலேயே (புராஜெக்டின் கோப்புகள் எல்லாம் இருக்கும் இடம்) ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது. ஃபங்ஷனின் பெயரைக் கொடுத்து ஓட்டினால் குறைகளை எண் போட்டுச் சொல்லும். பிஆர்01 என்றால் ஃபங்ஷன் வாங்கும் பாராமீட்டர் எதற்கோ விளக்கம் இல்லை, இஎக்ஸ்01 என்றால் எடுத்துக்காட்டு இல்லை, எஸ்ஏ01 என்றால் தொடர்புடைய ஃபங்ஷன்களைக் காட்டும் 'சீ ஆல்ஸோ' பகுதியே இல்லை. ஏற்கெனவே குறையுள்ள ஃபங்ஷன்களைச் சோதனையிலிருந்து விலக்கி, ஒரு ஷெல் ஸ்கிரிப்டில் நீளமான பட்டியல் வைத்திருந்தார்கள். டாக்ஸ்ட்ரிங்கைத் திருத்து, பட்டியலில் அந்த வரியை எடு, சோதனை பச்சையாக வருகிறதா பார். இவ்வளவுதான் கேட்டது.

தேதி சம்பந்தமான ஒரு சின்ன மெத்தடை (அதுவும் ஒரு வகை ஃபங்ஷன்தான்) எடுத்தேன். 'சீ ஆல்ஸோ'வில் இரண்டு வரி சேர்க்க வேண்டும். அந்த ஆங்கில விளக்கம் கேப்பிட்டல் எழுத்தில் தொடங்கவில்லை என்றால் எஸ்ஏ03, கடைசியில் முற்றுப்புள்ளி இல்லை என்றால் எஸ்ஏ02. ஸ்கூலில் கோடு போட்ட நோட்டில் எழுதிய ஞாபகம் வந்தது. ஆனால் எந்த ஃபங்ஷனை அங்கே குறிப்பிடுவது என்று முடிவு செய்ய, அக்கம்பக்கத்து மெத்தட்கள் எல்லாவற்றையும் படித்து ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. பல வருடம் பயன்படுத்தியும் கண்ணில் படாத மெத்தட்களை அப்போதுதான் பார்த்தேன்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு மலை ஏற வேண்டும்: பில்ட், அதாவது எழுதிய கோடைக் கணினியில் ஓடும் வடிவமாக மாற்றுவது. பாண்டாஸில் பைத்தான் மட்டும் இல்லை, சி, சைத்தான் மொழிகளில் எழுதிய பகுதிகளும் உண்டு. எல்லாம் கம்பைல் ஆகி முடியும்வரை என் பழைய லேப்டாப்பின் விசிறி கத்திக்கொண்டே இருந்தது. விண்டோஸில் இருப்பவர்கள் விஷுவல் ஸ்டுடியோ பில்ட் டூல்ஸையும் தனியாகப் போட வேண்டும். வழிகாட்டியில் சொன்னபடி கோண்டா என்விரான்மென்ட் (தனியான வேலைச் சூழல்) ஒன்றை உருவாக்கி அதற்குள் செய்வதே உத்தமம். ஆர்வமாக வருகிறவர்களில் பாதிப்பேர் இந்த இடத்தில்தான் கழன்றுகொள்கிறார்கள் என்பது என் ஊகம்.

ஃபோர்க், கிளோன் (நகலெடுப்பது), பிராஞ்ச் (தனிக் கிளை), கமிட் (மாற்றத்தைப் பதிவது), புஷ் (அதை அனுப்புவது) எல்லாம் எந்த கிட் (கோடில் நடக்கும் மாற்றங்களைக் கண்காணிக்கும் கருவி) பாடத்திலும் கிடைக்கும். விளக்கத்தைத் திருத்தினால் புல் ரெக்வெஸ்ட் தலைப்பில் 'டாக்' என்ற முன்னொட்டு போட வேண்டும் என்பது மட்டும் இவர்கள் வழக்கம். பிழைத்திருத்தம் என்றால் 'பக்'. அனுப்பிய பிறகு, தானாக ஓட வேண்டிய சோதனைகள் எதுவும் ஓடாமல் அப்படியே நின்றன. நம் பக்கம் ஏதோ கோளாறு என்று தோன்றும், ஆனால் அப்படி இல்லை. கிரிப்டோ மைனிங்குக்காகச் சிலர் இலவச சர்வர்களைத் தவறாகப் பயன்படுத்தியதால், முதல்முறை வருகிறவரின் சோதனைகளைப் பராமரிப்பாளர் ஒருவர் அனுமதித்த பிறகே ஓடவிடும் முறையை 2021-இல் கிட்ஹப் (இந்த புராஜெக்ட் இருக்கும் தளம்) கொண்டுவந்தது. அனுமதி வந்து ஓடியபோது, நான் தொடாத ஏதோ ஒரு மூலையில் ஒரு டெஸ்ட் சிவப்பாக நின்றது. பிழைச் செய்தியைத் திறந்து எந்த ஃபைல் என்று பார்த்தால், அது நம்முடையதா இல்லையா என்று தெரிந்துவிடும். மெயினில் (புராஜெக்டின் முதன்மைக் கிளை) நடந்த மாற்றங்களை இழுத்து என் கிளையோடு மெர்ஜ் செய்ததும் (இணைத்ததும்) அதுவும் பச்சையானது.

ரிவ்யூ செய்தவர் நன்றி சொல்லிவிட்டு, ஒரு வாக்கியத்தைச் சுருக்கச் சொன்னார். கறாரான ஆள், ஆனால் மரியாதையாகப் பேசினார். இவர்களில் பலர் தங்கள் சொந்த நேரத்தில்தான் இதைப் பார்க்கிறார்கள் என்பதால், பதில் தாமதமானாலும் நான் நச்சரிக்கவில்லை. திருத்தி அதே பிராஞ்சில் புஷ் செய்தேன்; புதிதாக இன்னொரு ரெக்வெஸ்ட் திறக்கத் தேவையில்லை. அப்புறம் என் கமிட்கள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து மெர்ஜ் செய்துவிட்டார்கள்.

இப்போது 'நீட்ஸ் டெஸ்ட்ஸ்' லேபிள் பக்கம் வந்திருக்கிறேன். வேறு ஏதோ மாற்றத்தால் பிழை தானாகச் சரியாகியிருக்கும், ஆனால் மறுபடி வராமல் காக்க டெஸ்ட் இருக்காது. பிழையைச் சொன்னவர் கொடுத்த கோடு வரிகளை எடுத்து, இன்றைய மெயினில் ஓட்டி, சரியான விடை வருகிறதா என்று பார்த்து, அதை ஒரு டெஸ்ட் ஃபங்ஷனாக மாற்ற வேண்டும். டாக்ஸ்ட்ரிங்கைவிட ஒரு படி கூடுதல் வேலை. எந்த ஃபைலில் அதைச் சேர்ப்பது என்று கண்டுபிடிக்கத்தான் எனக்கு இன்னும் அதிக நேரம் பிடிக்கிறது.