எருக்க இலையும் தாத்தாவோட ஆதித்ய ஹ்ருதயமும்

சூரியனுக்கான பண்டிகையான ரதசப்தமி வந்தா எங்க வீட்ல காலைல அஞ்சரைக்கே எழுப்பி விட்ருவாங்க. ஏழு எருக்க இலை, தலைல ஒண்ணு, தோள்ல ரெண்டு, முட்டில ரெண்டு, பாதத்துல ரெண்டு, மேல கொஞ்சம் அட்சதை, பொம்பளைங்கன்னா கூட மஞ்சப்பொடி, அப்படியே தலைக்கு ஊத்திக்கணும். எருக்கம்பால் கண்ணுல பட்டுடப் போகுதுன்னு பாட்டி ஒவ்வொரு காம்பையும் முந்தானைல துடைச்சுட்டுத்தான் வைப்பாங்க. வேற இலையே கிடைக்கலயான்னு எரிச்சலா வரும் அப்பல்லாம், அப்புறம்தான் தெரிஞ்சுது சம்ஸ்கிருதத்துல அர்க்கம்னா சூரியன், எருக்குக்கும் அதே பேருதான்.

குளிச்சதும் தாத்தா மொட்டை மாடில கிழக்கு பாத்து நின்னு ஆதித்ய ஹ்ருதயம் சொல்லுவார். கைல கிரந்த எழுத்துல அச்சடிச்ச, அட்டை போன புஸ்தகம், ஆனா அவர் அதைத் திறந்து நான் பாத்ததே இல்ல. யுத்த காண்டத்துல ராமர் களைச்சுப்போய் யோசனையா நிக்கறப்ப அகஸ்தியர் வந்து சொல்லிக் குடுக்கற சூரிய ஸ்தோத்திரம். மூணு தடவை ஜபிச்சா ஜெயம்னு அதுக்குள்ளயே வருது, அதனால தாத்தாவும் மூணு தடவை, நாங்க கீழ சக்கரைப் பொங்கலுக்கு வெயிட்டிங்.

இந்த வருஷம் சும்மா ஒரு ஆர்வத்துல பரோடா ஓரியண்டல் இன்ஸ்டிடியூட் 1960லேர்ந்து 1975 வரைக்கும் கொண்டு வந்த வால்மீகி ராமாயண ஆய்வுப் பதிப்புல தேடினேன். மெயின் டெக்ஸ்ட்ல ஆதித்ய ஹ்ருதயமே இல்ல! பின்னிணைப்புல கெடக்கு. கிரந்தம், தெலுங்கு, மலையாளம், வங்காளம், தேவநாகரின்னு பல லிபி சுவடிகளை வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாத்து, எல்லா மரபுலயும் நிக்காததை எடுத்துப் பின்னாடி வெச்சுட்டாங்க. அவங்க முறைப்படி அது நியாயம்தான், எனக்கு சண்டை இல்ல. ஆனா பாராயணத்துக்குன்னு இதை மட்டும் தனியா எழுதி வெச்சவங்களுக்கு ராமாயணத்துல இதுக்கு முன்னாடி சர்க்கம் (அதாவது அத்தியாயம்) என்ன பின்னாடி சர்க்கம் என்னன்னு கவலையே இருந்திருக்காது. (இதே பேர்ல பவிஷ்யோத்தர புராணத்துல இன்னொண்ணு வேற இருக்கு, கிருஷ்ணர் அர்ஜுனனுக்கு சொல்றது, ரொம்ப நீளம். அது தாத்தாகிட்ட மாட்டாதது எங்க அதிர்ஷ்டம்.)

தாத்தாகிட்ட விஷயத்தை தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். "பின்னாடி இருக்கோல்லியோ, அப்புறமென்ன"ன்னுட்டார். சரி பிரச்சனை முடிஞ்சுதுன்னு, சில பதிப்புல இது 107ஆவது சர்க்கம், சிலதுல 105ன்னு போட்டிருக்கு தாத்தான்னு சேத்து சொல்லிட்டேன். அதுக்குத்தான் கோவம் வந்துது, "அதெப்படி 105 ஆகும்"னு, இதுவரைக்கும் திறக்காத அந்தப் புஸ்தகத்தைத் திறந்து கண்ணாடியைத் தேட ஆரம்பிச்சுட்டார்.